கோழிக்கு சளின்னு மாத்திரை வாங்க ஓடுறவங்களுக்கும், கால்நடைத் துறைக்கும் ஒரு வார்த்தை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல விவசாயப் பக்கத்தை நான் விடாம வாசிக்கிற ஆளு. மாட்டுக்கு மடிநோய், ஆட்டுக்கு துள்ளுமாரி, ரப்பருக்கு இலை உதிர்வு எல்லாம் வருது, நல்ல விஷயம்தான், ஆனா கோழி பத்தி எப்ப வந்தாலும் அது நாமக்கல் பக்கம் பத்தாயிரம் இருபதாயிரம்னு வச்சிருக்கிற பண்ணைக்காரங்களுக்கு எழுதின மாதிரியே இருக்கு. எங்க குமரி மாவட்டத்துல கதையே வேற. இங்க வீட்டுக்குப் பின்னால விளையில, தென்னைக்கும் மரச்சீனிக்கும் நடுவுல, அஞ்சு கோழி பத்து கோழின்னு அது பாட்டுக்கு கிளறிட்டு கெடக்கும். முட்டை பிள்ளைகளுக்கு, சாவல் கிறிஸ்மஸுக்கு இல்லன்னா கோயில் கொடைக்கு, அவசரத்துக்கு ரெண்ட பிடிச்சு சந்தைல குடுத்தா ஸ்கூல் பீஸுக்கு ஆகும். இந்தக் கணக்கை எந்த அறிக்கைலயும் யாரும் எழுத மாட்டாங்க, ஏன்னா இது பொம்பளைங்க கைல இருக்கிற சில்லறை.

எங்களுக்கு ஜூன்ல தொடங்குற இடவப்பாதி மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, ரெண்டு மழையிலயும் கோழிக்கு ஒரே வியாதி, அதுக்கு எல்லாரும் வச்ச பேரு சளி. ராத்திரி கூட்டுக்குள்ள கொர் கொர்னு ஒரு சத்தம் கேக்கும். விடிஞ்சதும் பக்கத்து வீட்ல இருந்து குரல் வரும், "எக்கா, கோழிக்கு ஜலதோஷம், பிள்ளைக்கு வாங்கின மாத்திர மிச்சம் உண்டா?" அந்த மாத்திரையைப் பொடிச்சு சோத்துல பெசஞ்சு எல்லா கோழிக்கும் போட்டுருவாங்க. சிலது பொழைக்கும், மாத்திரையாலதான் பொழைச்சுதுன்னு பேரு ஆயிரும். சிலது மொத்தமா போயிரும், அப்ப கண்ணு பட்டுட்டுன்னு சொல்லுவாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான் ஐயா. அந்த ஒரே கொர் கொர் சத்தத்துக்குள்ள குறைஞ்சது ஆறேழு வேற வேற வியாதி ஒளிஞ்சிருக்கு, அதுல மொத்தக் கூட்டையும் காலி பண்ற வெள்ளைக்கழிச்சல்ங்கிற வியாதிக்கு எந்த மாத்திரையும் கேக்காது, அதுக்கு இருக்கிறது தடுப்பூசி மட்டும், அந்த ஊசி அரசாங்கத்துகிட்ட இருக்கு, இலவசமாவும் போடுறாங்க, இருந்தும் எங்க பின்முற்றத்து கோழிக்கு பாதிக்கு மேல அது வந்து சேர மாட்டேங்குது. ஏன் வரலன்னு பாத்தா பெரிய காரணம் ஒண்ணும் கெடையாது, ஒரு பாட்டில் அளவு பிரச்சினை, ஒரு தேதி பிரச்சினை. அதைக் கடைசில சொல்றேன், முதல்ல சளின்னு சொல்றதுக்கு முன்னாடி கோழியை எப்படிப் பாக்கணும்னு சொல்லிடுறேன், ஏன்னா துறை வர்ற வரைக்கும் கோழி காத்திருக்காது.

பகல்ல கோழியைப் பாத்து ஒண்ணும் தெரியாது. வியாதி இருந்தாலும் மத்த கோழி கொத்தி வெரட்டும்னு அது மறைச்சுக்கிட்டு நிக்கும். ராத்திரி எல்லாம் அடைஞ்சு அமந்த பெறவு டார்ச் அடிக்காம கூட்டு பக்கத்துல போய் சும்மா நிக்கணும், நல்ல கோழி மூச்சு விடுற சத்தம் வெளிய கேக்கவே கேக்காது, கேட்டா அங்க ஏதோ இருக்கு. எந்தக் கோழின்னு தெரியலன்னா ஒவ்வொண்ணா தூக்கி முதுகை காதுல வச்சுப் பாருங்க, உள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் தெரியும். காலைல பிடிச்சு மூக்கைப் பாருங்க, மூக்கு ஓட்டையில தவிட்டுத் தூள் ஒட்டி அடைச்சிருக்கா, ரெண்டு பக்கமும் லேசா அமுக்கினா முத்து மாதிரி நீர் வருதா. இன்னொரு எடம் யாரும் பாக்காதது, ரெக்கையோட தோள்பட்டை. கோழிக்கு கைக்குட்டை கெடையாது, ஒழுகுற மூக்கை தோள்லதான் தேய்க்கும், அந்த எடத்து தூவல் அழுக்காகி ஒட்டிப் போயிருந்தா ரெண்டு மூணு நாளாவே ஒழுகிட்டு இருக்குன்னு அர்த்தம். பெறவு வாயைத் தொறந்து தொண்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கணும். வெயில் காலத்துல ரெக்கையை விரிச்சு வாயைத் தொறந்து மூச்சு வாங்குறது வியாதி இல்ல, அது சூடு, நிழலும் தண்ணியும் குடுத்தா சரியாயிரும், பங்குனி சித்திரைல அதைப் பாத்துட்டு மருந்து வாங்கப் போறவங்களும் உண்டு.

மூஞ்சி ஒரு பக்கமா வீங்கி கண்ணு மூடிப் போச்சு, கிட்ட போனா ஒரு அழுகின நாத்தம் அடிக்குது, நேத்து ஒரு கோழி இன்னைக்கு நாலு கோழின்னு ஓடுது, அப்படின்னா அது பெரும்பாலும் கொரைசா. பாக்டீரியாவால வர்றது. ஒட்டின ஒண்ணு ரெண்டு மூணு நாள்ல காட்டிரும், அவ்வளவு வேகம், பரவுறது பெரும்பாலும் எல்லாம் தலையை விட்டு குடிக்கிற அந்த ஒரே தண்ணிப் பாத்திரத்துல இருந்துதான். இதுக்கு டாக்டர் எழுதிக் குடுக்கிற மருந்து கேக்கும். ஆனா பொழைச்ச கோழி சுத்தமாயிட்டுன்னு நெனைக்கக் கூடாது, அது கிருமியை உள்ள வச்சுக்கிட்டே நல்லாத்தான் திரியும், அடுத்து புதுசா ஒரு கோழி கொண்டு வந்து விட்டா அதுக்கு குடுத்துரும்.

வீக்கம் பெருசா இல்ல, கண்ணு ஓரத்துல சோப்பு நுரை மாதிரி சின்னச் சின்ன குமிழ், தும்மல், இழுப்பு, சாகாது ஆனா வாரக் கணக்குல இழுக்கும், தேறாது, முட்டை குறையும். டாக்டர்மாரு சிஆர்டின்னு சொல்றது இது, மைக்கோபிளாஸ்மான்னு ஒரு கிருமி. இதுல பெரிய வில்லங்கம், இது முட்டை வழியாவே குஞ்சுக்குப் போகும். உங்க கோழி நல்ல எனம்னு சொல்லி அடைக்கு வைக்க பத்து முட்டை கேட்டு வாங்கிட்டுப் போறவங்க வியாதியையும் சேத்துதான் வாங்கிட்டுப் போறாங்க. மழையில நனைஞ்சாலோ, எடம் மாத்தினாலோ, சும்மா கெடந்தது மறுபடி கிளம்பும். மருந்து குடுத்தா அடங்கும், உடம்பை விட்டு முழுசா போகாது. அதனால ஒரு தடவை இது வந்த கூட்டுல இருந்து அடைக்கு முட்டை எடுக்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது, ஒறவுக்காரங்க கோவிச்சாலும் பரவாயில்ல.

இன்னும் சிலது இருக்கு, சுருக்கமா சொல்லிப் போறேன். ஒரு ராத்திரி ரெண்டு ராத்திரில எல்லா கோழியும் ஒண்ணா தும்ம ஆரம்பிச்சு, பெறவு முட்டை ஓடு சுருங்கி கோணலா வந்து, ஒடச்சா வெள்ளைக்கரு தண்ணி மாதிரி ஓடினா, அது பிராங்கைட்டிஸ் வைரஸ். அதுவும் ஒரு கொரோனா வகைதான், கேட்டதும் பயப்படாதீங்க, இதை 1931-லயே அமெரிக்காவுல கண்டுபிடிச்சாச்சு, மனுசனுக்கு ஒட்டாது. கொண்டையில கருப்பா பொருக்கும் இருந்து வாய்க்குள்ள மஞ்சளா தட்டு தட்டா ஒட்டிக்கிட்டு மூச்சு முட்டினா அம்மை, கொசு கடிச்சு பரவுறது, அந்த மஞ்சளை நகத்தால சொரண்டி எடுக்காதீங்க, ரத்தம் கொட்டி அதுலயே செத்துரும். கழுத்தை மேல நீட்டி நீட்டி இருமி, செவுத்துலயும் கூட்டுக் கம்பியிலயும் ரத்தம் தெறிச்சிருந்தா அது இன்னொரு வைரஸ், ஒடனே மத்ததுகளைப் பிரிக்கணும். குஞ்சுக கொட்டாவி விடுற மாதிரி வாயைப் பொளந்து தலையை ஒதறிக்கிட்டே இருந்தா தொண்டைக் குழல்ல செவப்புப் புழு ஒட்டியிருக்கான்னு பாக்கணும், மண்புழு நத்தை தின்னு வர்றது, அதுக்கு வேண்டியது பூச்சி மருந்து, ஆன்டிபயாட்டிக் குடுத்து ஒண்ணும் நடக்காது. இப்படி ஒவ்வொண்ணுக்கும் வழி வேற வேற, எல்லாத்துக்கும் ஒரே மாத்திரைன்னா எப்படி?

கிருமியே இல்லாம வர்ற சளியும் உண்டு, அதை உண்டாக்குறது நாமதான், நம்ம ஊர்ல இது ரொம்ப ஜாஸ்தி. மழை ஆரம்பிச்சதும் கோழிக்கு குளிரும்னு சொல்லி கூட்டை நாலு பக்கமும் பிளெக்ஸ் போர்டால சுத்திக் கட்டிருவாங்க, எலெக்சன் பிளெக்ஸ், கல்யாண பிளெக்ஸ், எது கெடச்சாலும். காத்து உள்ளயும் போகாது வெளியயும் வராது, அடியில எச்சம் ஈரத்துல புளிச்சு அமோனியா கிளம்பும். கோழி தொண்டைக் குழலுக்குள்ள பொடி மயிர் மாதிரி ஒண்ணு உண்டு, தூசியையும் சளியையும் வெளிய தள்ளுறது அதுதான், அமோனியா அதை மரத்துப் போக வைக்கும், பெறவு எந்தக் கிருமி வந்தாலும் நேரா உள்ள போயிரும். நின்னுக்கிட்டு மோந்து பாத்தா தெரியாது, காலைல கூடு தொறக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு கோழி தலை இருக்கிற ஒயரத்துல மூஞ்சியை வச்சுப் பாருங்க, கண்ணு எரிஞ்சா கோழிக்கு அது எப்பவோ எரிய ஆரம்பிச்சாச்சு. கோழிக்கு குளிரை விட நனையுறதும் காத்தில்லாம கெடக்கிறதும்தான் கெடுதி. மழை அடிக்கிற பக்கம் மட்டும் மறைச்சு, கூரைக்கு கீழ ஒரு சாண் எல்லா பக்கமும் தொறந்து விட்டா போதும், காத்து அது தலைக்கு மேல போகும்.

அப்பறம் இந்த மரத்தூள். மரமில்லுல சும்மா கெடைக்குதுன்னு ஈரத்தோட சாக்குல கட்டி கொண்டு வந்து வச்சிருந்து அப்படியே கூட்டுல போடுறாங்க, சாக்கை அவுத்தா பூஞ்சாணம் பூத்து புகை மாதிரி எழும்பும். அந்தப் பூஞ்சாணம் குஞ்சோட நுரையீரல்லயே முளைக்கும். சத்தமே இல்லாம வாயைப் பொளந்து பொளந்து செத்துப் போகும், அதுக்கு வைத்தியம் கெடையாது. மரத்தூளோ உமியோ தென்னை நார்த்தூளோ எதுவா இருந்தாலும் வெயில்ல நல்லா காய வச்சு போடணும். பூத்துப் போன சோளம், பூஞ்சாணம் பிடிச்ச மரச்சீனித் துண்டு இதுகளை கோழிதானன்னு போடுறதும் அதே கதைதான். மேற்குப் பக்கம் திருவட்டார், அருமனை, குலசேகரம் ஏரியாவுல ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைப்புரைக்கு ஒட்டினாப்புல கோழிக்கூடு வச்சிருக்கிறதையும் பாக்கேன், வெதுவெதுப்பா இருக்கும்னு ஒரு நல்ல எண்ணம்தான், ஆனா அந்தப் புகையை ராத்திரி முழுக்க சுவாசிச்சா மனுசனுக்கே இருமல் வரும்.

இப்ப முக்கியமான ஆளுக்கு வர்றேன், வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட். பேரைக் கேட்டு வயித்துப்போக்கு வியாதின்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க, பாதிப் பேருக்கு இது மூச்சையும் பிடிக்கும்ங்கிறதே தெரியாது. பல நேரம் ஆரம்பமே தும்மலும் கொர்ரும்தான், பெறவுதான் பச்சையும் வெள்ளையுமா கழியுறது, கால் இழுக்கிறது, கழுத்து முறுக்கி வானத்தைப் பாக்கிறது எல்லாம் வரும். அந்த ஆரம்ப நாள்கள்ல சளின்னு மாத்திரை குடுத்துட்டு சந்தோசமா இருப்போம், அதுக்குள்ள கூடு முழுக்க ஓடியிருக்கும். வைரஸ், மருந்து கெடையாது. இந்தியாவுல இதை முதல்ல பாத்தது வடக்க ராணிக்கெட்ங்கிற மலை ஊர்ல, 1927-ல, அதுல இருந்து பேரு. நூறு வருசம் ஆகப் போகுது, தடுப்பூசி வந்தும் பல காலம் ஆச்சு, நம்ம தமிழ்நாட்டுலயே ராணிப்பேட்டைல அரசு நிலையம் வச்சு தயாரிக்காங்க, இன்னும் எங்க விளையில கோழி கொத்துக் கொத்தா சாகுது.

ஊசி முறை கஷ்டமே இல்ல. குஞ்சுக்கு ஒரு வாரத்துல லசோட்டாங்கிற தடுப்பு மருந்து கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, நாலு வாரத்துல இன்னொரு தடவை, 8 வாரம் தாண்டினதும் ரெக்கைக்கு அடியில தோலுக்குள்ள அரை மில்லி ஊசி. அந்தப் பெரிய ஊசியை 8 வாரத்துக்கு முன்னாடி போடக் கூடாது, குஞ்சு தாங்காது. மருந்து ஐஸ்லயே இருக்கணும், 2 டிகிரியில இருந்து 8 டிகிரிக்குள்ள, சட்டைப் பைல போட்டு பஸ்ல கொண்டு வந்தா அது வெறும் தண்ணி.

பிரச்சினை இங்கதான் ஐயா. அந்த மருந்து பாட்டில் ஒண்ணு 100 கோழிக்கு. தூளா இருக்கும், அதுல திரவத்தை விட்டு கலக்கிட்டா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மிச்சம் வைக்க முடியாது. எங்கிட்ட இருக்கிறது எட்டு கோழி. எட்டு கோழியை கூடைல வச்சு மருந்தகத்துக்கு தூக்கிட்டுப் போனா அங்க இருக்கிறவங்க என்ன செய்வாங்க, 92 கோழியோட மருந்தை எனக்காக ஒடச்சு கொட்டணுமா? கோழி கூடட்டும்மா, முகாம்ல பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிருவாங்க. அவங்க மேலயும் தப்பில்ல, எங்க மேலயும் தப்பில்ல, கோழி மட்டும் சாகும்.

முகாம்னு சொல்றது வருசத்துக்கு ஒரு தடவை பிப்ரவரில நடக்கிறது, துறையில இருந்து ஊர் ஊரா வந்து இலவசமா போடுவாங்க, அது உண்மையிலயே நல்ல காரியம், போடுறவங்க அலைஞ்சு திரிஞ்சு போடுறாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன். ஆனா வீட்டுக் கோழி பிப்ரவரி பாத்தா அடைக்கு உக்காரும்? மார்கழில அடை வச்சு தையில பொரிச்ச குஞ்சுக்கு முகாம் வர்றப்ப 8 வாரம் ஆகியிருக்காது, சின்னது இப்ப போடக் கூடாதுன்னு விட்டுட்டுப் போயிருவாங்க, அது சரியும்தான். சித்திரைல பொரிச்சது, ஆடில பொரிச்சது எல்லாம் அடுத்த பிப்ரவரி வரைக்கும் ஒண்ணும் இல்லாம ரெண்டு மழையையும் தாண்டணும். தாண்டுறதுக்கு முன்னாடியே வியாதி முந்திக்கும். இன்னொண்ணு, கிராமத்துப் பெண்களுக்கு 50 சதவீத மானியத்துல 40 நாட்டுக்கோழிக் குஞ்சு குடுக்கிற திட்டம் இருக்கே, அதுல குடுக்கிறது நாலு வாரக் குஞ்சு. அதுக்கு அடுத்த மாசம் பெரிய ஊசி போட்டாகணும். குஞ்சு குடுக்கிற மாசம் மேயா இருந்தா ஜூன்ல ஊசி யாரு போடுவா? குஞ்சுக்கு பணம் செலவழிச்சு ஊசிக்கு ஆள் அனுப்பாம விட்டா, அந்த 40-ம் மழைக்காலத்துல என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

முகாம் நடக்கிற நேரமும் ஒரு கூத்து. காலைல ஒம்பது பத்து மணிக்கு வண்டி வரும், அப்ப எல்லா கோழியும் அவுத்து விட்டு விளை முழுக்க பரந்து கெடக்கும், ஒண்ணு பலா மரத்து மேல, ஒண்ணு அடுத்தவன் வாழைத் தோட்டத்துல. வந்தவங்க ஐஸ் பெட்டியோட நிக்க, நாங்க கோழி பிடிக்க ஓட, மருந்து கலக்கியாச்சு நேரம் ஓடுதுன்னு அவங்க சத்தம் போட, கடைசில பத்துல நாலுக்கு ஊசி போட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போவாங்க. முந்தின நாள் சாயந்திரமே ஒரு அறிவிப்பு வந்தா போதும், காலைல கூட்டைத் தொறக்கவே மாட்டோம்.

ஊசி போட்டதும் செத்துச்சுன்னு சொல்றவங்களுக்கும் ஒரு விளக்கம் சொல்லிடுறேன், ஏன்னா எங்க தெருவுல ரெண்டு மூணு வீட்ல இதைச் சொல்லித்தான் ஊசியே வேண்டாம்னுட்டாங்க. பக்கத்து வீட்டுக் கோழி சாகுற வரைக்கும் சும்மா இருந்துட்டு, அது செத்த பெறவு ஓடிப் போய் ஊசி போட்டா, நம்ம கோழிக்குள்ள ஏற்கனவே வியாதி புகுந்திருக்கும், ஊசி வேலை செய்ய நாள் வேணும், அதுக்குள்ள வியாதி முந்தும், பழி ஊசி மேல. சுகமில்லாம தூங்கி வழியுற கோழிக்கும் போடக் கூடாது. லசோட்டா சொட்டு விட்ட பெறவு குஞ்சு ஒரு சில நாள் லேசா தும்முறது சகஜம், அது மருந்து பிடிச்சதுக்கு அடையாளம், அதுக்கு ஒடனே ஆன்டிபயாட்டிக் குடுக்காதீங்க.

மருந்துக்கடை விஷயத்துல கொஞ்சம் கோவமாவே சொல்றேன். எந்தச் சீட்டும் இல்லாம கோழிக்குன்னு கேட்டா மனுசனுக்கு குடுக்கிற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் குடுக்கிற கடைங்க இருக்கு. வைரஸுக்கு அது வேலை செய்யாது, பாக்டீரியாவுக்கு வேலை செய்யணும்னா சரியான மருந்து சரியான அளவு முழு நாளைக்கும் போகணும், ஒரு வேளை சோத்துல பெசஞ்சு போட்டா கிருமிக்கு பயிற்சி குடுத்த மாதிரிதான். கொலிஸ்டின்னு ஒரு மருந்து, மனுசனுக்கு வேற எதுவும் கேக்காத நேரத்துல ஆஸ்பத்திரில கடைசியா எடுக்கிறது, அதை கோழித் தீவனத்துல கலந்து கலந்துதான் 2019-ல மத்திய அரசு தடை போட வேண்டி வந்துச்சு. மருந்து குடுக்கிற நாள்கள்லயும் அதுக்குப் பெறவு டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் முட்டையைத் திங்கக் கூடாதுன்னு எத்தன பேருக்குத் தெரியும்? பிள்ளைக்குன்னு வளக்கிற கோழி, அந்த முட்டையை அவிச்சு அந்தப் பிள்ளைக்கே குடுக்கோம்.

நாட்டு மருந்து பத்தி கேப்பீங்க. சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், துளசி எல்லாம் இடிச்சு குடுக்கிறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல, நானும் குடுப்பேன், தீனி எடுக்காத கோழி ரெண்டு வாய் கொத்தினா நல்லதுதான். அது வைரஸை நிறுத்தும்னு மட்டும் நம்பி ஊசியை விட்டுடாதீங்க. வாயைப் பொளந்து நல்லெண்ணெயையோ கசாயத்தையோ கரண்டியால ஊத்துறதை தயவு செஞ்சு நிறுத்துங்க. கோழிக்கு மூச்சுக் குழல் தொறக்கிறது நாக்குக்கு பின்னாலயே, ஊத்துறது நேரா நுரையீரலுக்குப் போகும், ஏற்கனவே மூச்சு முட்டுற கோழி அப்படியே துடிச்சு சாகும். சின்ன உருண்டையா உருட்டி வைக்கலாம், இல்லன்னா அலகு ஓரத்துல சொட்டு சொட்டா விடலாம்.

வியாதி வந்துட்டுன்னா முதல்ல செய்ய வேண்டியது பிரிக்கிறது. சுகமில்லாததை வேற எடத்துல வச்சு, தீனி தண்ணி முதல்ல நல்ல கோழிக்கு குடுத்துட்டு கடைசிலதான் சுகமில்லாததுகிட்ட போகணும், அங்க இருந்து நேரா இந்தப் பக்கம் வரக் கூடாது, செருப்பு கூட வேற போடணும். கையைக் கழுவாம கண்ணைத் தேய்க்காதீங்க, வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நமக்கும் கண்ணு செவக்க வைக்கும். புதுக் கோழி எங்க இருந்து வாங்கினாலும், சந்தைல வாங்கினாலும் சரி, பைக்ல கூடை கட்டிக்கிட்டு கலர் அடிச்சு விக்கிற குஞ்சா இருந்தாலும் சரி, மூணு வாரமாவது தனியா வச்சுட்டுதான் சேக்கணும்.

இதுல நம்ம ஆளுங்க பண்ற பெரிய பாவம், ஒண்ணு ரெண்டு செத்ததும் மிச்சத்தை அடுத்த நாளே சந்தைக்கு ஏத்துறது. திங்கள்சந்தை, கருங்கல், மார்த்தாண்டம் எந்தச் சந்தையா இருந்தாலும் அங்க நாலு திசையில இருந்தும் கோழி வருது, கிறிஸ்மஸுக்கு முன்னால உள்ள வாரங்கள்ல கேக்கவே வேண்டாம், ஒரே கூடைல பத்து வீட்டுக் கோழி. சாயந்திரம் அதுக திரும்பப் போறப்ப வியாதியும் பத்து ஊருக்குப் போகும். செத்த கோழியை சானல்ல தூக்கி எறியுறது இன்னொண்ணு, நாய் இழுத்துட்டுப் போகும், காக்கா கொத்தும், கீழ்ப்பக்கம் உள்ளவங்க அந்தத் தண்ணிலதான் குளிக்காங்க. ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு மூடுறதுக்கு ஒரு மண்வெட்டி போதும்.

ஒரு எடத்துல மட்டும் நீங்களா ஒண்ணும் செய்யாதீங்க. சத்தமே இல்லாம ஒரே நாள்ல பல கோழி செத்து, தலை வீங்கி கொண்டை நீலமா போய், கூடவே வாத்தோ காக்காயோ சாகுதுன்னா அது பறவைக் காய்ச்சலா இருக்கலாம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல 2021 ஜனவரில ஆலப்புழை கோட்டயம் பக்கமும் 2024 ஏப்ரல்ல ஆலப்புழையிலயும் வந்தது நமக்குத் தெரியும், அப்பல்லாம் பார்டர்ல வண்டியை நிறுத்தி சோதனை பண்ணாங்க. அப்படி சந்தேகம் வந்தா அறுக்காதீங்க, தொடாதீங்க, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீங்க, பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கு தகவல் சொல்லுங்க, இல்லன்னா 1962-க்கு போன் பண்ணுங்க. கொரைசாவா கழிச்சலா காய்ச்சலான்னு கண்ணால பாத்து அடிச்சுச் சொல்ல டாக்டராலயே முடியாது, செத்த ஒண்ணை லேபுக்கு அனுப்பினாதான் தெரியும், அதுக்கு நாம தகவல் சொன்னாதானே நடக்கும்.

இப்ப துறைக்கு என் கோரிக்கை. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்துலயும் மாசத்துல ஒரு நாள், முதல் சனிக்கிழமைன்னு வச்சுக்கோங்க, கோழி ஊசி நாள்னு அறிவியுங்க. நூறு கோழி சேராதுன்னு சொல்லாதீங்க, நாள் தெரிஞ்சா சேரும். எனக்கு எட்டு, பக்கத்து வீட்ல பன்னெண்டு, எதிர் வீட்ல ஆறு, ஒரு தெரு சேந்தாலே பாதி பாட்டில் ஆச்சு. மகளிர் குழுவுல வாரா வாரம் சேமிப்பு எழுதுற நோட்டுல எத்தன கோழி எத்தன குஞ்சுன்னு கூட ரெண்டு கட்டம் போட்டா கணக்கு தன்னால வந்துரும். மொத்தம் 9 ஒன்றியம், எல்லாத்துலயும் ஒரே நாள் முடியலன்னா ஆளுக்கொரு வாரம் பிரிச்சுக்கலாம். அன்னைக்கே குஞ்சுக்கு லசோட்டா சொட்டும் விட்டா ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும். கால்நடைப் பல்கலைக்கழகம் தீவனம் மாதிரி குருணையா வாய்வழி தடுப்பு மருந்து ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கே, ஊசிக்கு ஆள் பத்தாத எடத்துல அதையாவது மருந்தகத்துல கெடைக்கிற மாதிரி செய்யலாமே.

அறிவிக்கிறதுக்கு செலவே கெடையாது. கோயில்ல மைக் இருக்கு, பள்ளிவாசல்ல மைக் இருக்கு, சர்ச்சுல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அறிவிப்பு வாசிக்காங்க, அக்கம்பக்கத்து வீடுக சேந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் நடக்குது. "நாளைக்கு காலைல கோழியைத் தொறந்து விடாதீங்க, ஊசி போட வர்றாங்க"ன்னு முந்தின நாள் சொன்னா போதும், பலா மரத்துல ஏற வேண்டிய வேலை மிச்சம்.

உங்ககிட்டயும் ஒரு கோரிக்கை ஐயா. துறை இதைச் செஞ்சாலும் செய்யாட்டாலும், பிப்ரவரி முகாம் எந்த ஊர்ல எந்தத் தேதின்னு நடந்து முடிஞ்ச பெறவு போட்டோவோட செய்தி போடுறீங்க, அதை வர்றதுக்கு முன்னாடி போடுங்க. நாளைக்கு எங்கெங்க கரண்ட் இருக்காதுன்னு ஒரு கட்டம் கட்டிப் போடுவீங்களே, அதுக்குக் கீழ ரெண்டு வரி போதும், ஊர் பேரும் நேரமும்.

இப்படிக்கு,
வீட்டுக் கோழி வளக்கிற ஒரு வாசகி,
விளவங்கோடு தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்.